கோட்டுக்குக் கீழே நின்றவர்

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சரோடு எனக்குப் பழக்கம் உண்டானதே ஒரு சண்டையில்தான். சண்டை என்றால் குரல் உயர்ந்த சண்டை இல்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. அவர் ஓய்வு பெற்றுப் போய் இப்போது சில வருடங்கள் ஆகின்றன. அந்தச் சண்டை நடந்தது அதற்கும் ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியன். ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அந்த வருடம் உரையில் ஒரு வரி வைத்திருந்தேன். 'சாதி, மதம், தெரு என்று நமக்குள் எத்தனை வேறுபாடு இருந்தாலும், எல்லாருக்கும் உள்ள மீச்சிறு பொதுப் பகுதி மனிதநேயம்தான்.' ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் அப்படி ஒரு தொடரைப் படித்திருந்தேன். கணக்குப் புத்தகத்துச் சொல்லைக் கொண்டுவந்து தமிழ் உரையில் போட்டால் புதுசாக இருக்கும் என்று நினைத்தேன். கைதட்டலும் கிடைத்தது.

மறுநாள் காலையில் அவர் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"தமிழய்யா, நேத்து மேடையில ஒரு வார்த்த சொன்னியளே, அது தப்பு."

"எந்த வார்த்த டீச்சர்?"

"மீச்சிறு பொதுப் பகுதி. நீங்க சொன்னதப் பாத்தா, எல்லாத்தையும் சுரண்டி எடுத்த பொறவு அடியில கிடக்குத சின்னத் துண்டு மாதிரி இருக்கு. அது அப்படி இல்ல."

என் மேசையில் கிடந்த விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி, அரையையும் மூன்றில் ஒன்றையும் பின்னமாக எழுதினார். "இத ரெண்டையும் கூட்டுங்க" என்றார்.

"எனக்கு மறந்து போச்சு டீச்சர்."

"மறக்கல. அப்படியே கூட்ட முடியாது. அரைங்குதது ஒரு அளவுத் துண்டு, மூணுல ஒண்ணுங்குதது வேற அளவுத் துண்டு. ரெண்டும் ஒரு பந்தியில உக்காரணும்னா ஆறுக்குப் போவணும். அங்கன போனா அரை, ஆறுல மூணு ஆவுது. மற்றது ஆறுல ரெண்டு. இப்ப கூட்டலாம், ஆறுல அஞ்சு. சொல்லுங்க, ஆறு ரெண்டைவிடச் சிறுசா?"

"பெருசு."

"மூணைவிட?"

"பெருசுதான்."

"அரைக்கு ஏதும் குறைஞ்சுதா?"

"குறையல."

"பொறவு எதுக்கு எல்லாரையும் கீழ இறக்கினிய? பொதுப் பகுதி எப்பவும் மேலதான் இருக்கும். எல்லாருக்கும் இடங்குடுக்குத பெரிய எண்ணுகள்ல எது சின்னதோ, அது மீச்சிறு. அவ்வளவுதான். நீங்க சொல்ல வந்தது பொதுக் காரணி. அது எல்லாருக்குள்ளயும் ஏற்கெனவே கிடக்கும், கண்டுபிடிச்சாப் போதும். பொதுப் பகுதி அப்படிக் கிடக்காது. நாமதான் அது இருக்குத இடத்துக்கு ஏறிப் போவணும்."

நானும் விடவில்லை. இலக்கணத்தில் 'பகுதி' என்றால் வினைச்சொல்லின் வேர், 'நடந்தான்' என்பதில் 'நட' பகுதி, எங்கள் பகுதி சொல்லுக்கு முன்னால் நிற்கும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க பகுதி பின்னத்துல கோட்டுக்குக் கீழ நிக்கும். மேல இருக்குததச் சுமக்குதது அதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு விழாவில் அந்த வரியை நான் எடுத்துவிட்டேன்.

டீச்சர் தினமும் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸும் அடுத்து இன்னொரு பஸ்ஸும் பிடித்து வருவார். அப்பா, தாத்தா, அத்தைமார் எல்லாருமே மிஷன் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்தவர்கள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி, சேலைத் தலைப்பை ஊசி குத்தி ஒரே மாதிரி வைத்திருப்பார். பஸ்ஸில் இடம் கிடைத்தால் விடைத்தாள் திருத்துவார். இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீர்த்தனை ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு வருவார்.

'பொதுவா' என்ற சொல் அவருக்கு ஆகாது. ஆசிரியர் அறையில் யாராவது "பொதுவாச் சொன்னா" என்று ஆரம்பித்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். "பொதுவாச் சொல்லுததுன்னா என்ன? யாருக்கும் ஒட்டாமச் சொல்லுததா?" என்பார். இரண்டு பேருக்குள் தகராறு வந்து, பொதுவான ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பேச்சு வந்தால் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார். "நீங்கல்லாம் ரெண்டு பக்கமும் சேராத ஆளத்தான் பொதுவான ஆளுங்குதிய. ரெண்டு பக்கமும் எங்க ஆளுன்னு சொல்லுத ஒருத்தனைத் தேடுங்களேன்."

இதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். கூடவே வேலை பார்ப்பது கடினம். ஒரு வருடம் ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் சுற்றுலா போவதாகப் பேச்சு. பாதிப் பேருக்குக் குற்றாலம், சிலருக்குக் கடற்கரை, சிலருக்கு எங்கே ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். ஓவிய ஆசிரியர் கைதூக்கச் சொல்லி எண்ணிவிடலாம் என்றார். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. கைதூக்கினால் தோற்றவர்கள் பஸ்ஸில் உம்மென்று வருவார்கள், எல்லாருக்கும் சரிப்படுகிற ஓர் இடமும் ஒரு நாளும் இருக்கத்தான் செய்யும் என்று ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார். மூன்று வாரம் விசாரித்தார். அந்த வருடம் நாங்கள் எங்கேயும் போகவில்லை. ஓவிய ஆசிரியர் ரொம்ப நாள் அவரோடு உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தார்.

ஆனால் எட்டாம் வகுப்பு வினாத்தாள் விஷயத்தில் அவர்தான் ஜெயித்தார். ஜெயித்தார் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். அந்த வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நாலைந்து பேருக்குக் கூட்டலே தடுமாறும். இரண்டு பிள்ளைகள் பத்தாம் வகுப்புக் கணக்கைப் போட்டுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். தலைமை ஆசிரியர் டீச்சரைக் கூப்பிட்டு, எல்லாரும் தேறுகிற மாதிரி பொதுவாக ஒரு தாள் போடுங்கள் என்றார்.

"கடைசிப் பிள்ளை மட்டத்துக்குப் போடவா சார்?"

"அப்படித்தான். எல்லாருக்கும் எட்டணும்லா."

"எல்லாருக்கும் எட்டுத இடத்துலயே நின்னுட்டா, அதுக்கு மேல எட்டுத பிள்ளை எதுக்கு சார் பள்ளிக்கூடத்துக்கு வரணும்?"

மூன்று நாள் கழித்து ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரே ஒரு படம். கோணல்மாணலாக ஒரு வாழைத் தோட்டம், நடுவே ஒரு வாய்க்கால். கேள்விகள் எல்லாமே அந்தத் தோட்டத்தைப் பற்றித்தான். முதல் கேள்வி, தோட்டத்துக்கு எத்தனை பக்கம் என்பது. கடைசிக் கேள்வியை நான் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், வரவில்லை. தேர்வன்று நாற்பது பேரும் குனிந்து எழுதினார்கள். எல்லாரும் தேறவில்லை. தலைமை ஆசிரியருக்கு வருத்தம்தான். ஆனால் ஒரு வெள்ளைத் தாள்கூட வரவில்லை. அதற்கு முந்தைய தேர்வில் ஆறு வெள்ளைத் தாள் வந்திருந்தது.

இப்படி எங்களுக்கு அவர் ஒரு பிடிவாதக்காரராகத்தான் தெரிந்தார். அந்தப் பிடிவாதம் எதற்கு ஆகும் என்பதை நான் பார்த்தது வெள்ளத்தின்போது.

எங்கள் பள்ளிக்கூடம் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்கு அரை மைல் தள்ளி, கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. மாடிக் கட்டடம். அவர் ஓய்வு பெறுவதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஒரு மார்கழியில், சனிக்கிழமை பிடித்த மழை விடவேயில்லை. திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் சுற்றுவட்டார ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடப்பதாக இருந்தது. அதற்கு நாற்காலி போடவும் அறைகளைத் தயார் பண்ணவும் ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சரும் நானும் வந்திருந்தோம். காவலாளியும் சத்துணவு சமைக்கும் அக்காவும் கூட இருந்தார்கள். மதியத்துக்குள் சாலை முங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் கீழ்த்தள வகுப்பறைகளில் இடுப்பளவு தண்ணீர். செல்போனில் சிக்னல் இல்லை. கரண்டு இல்லை.

ஆட்கள் மேட்டைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் தெற்குத் தெருக்காரர்கள், கைப்பிள்ளைகளும் பெட்டிகளுமாக. அவர்களுக்கு முன்னால் ஒரு வாழைத்தார் வியாபாரி, ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பின்னாலேயே காலனியிலிருந்து வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற குடும்பங்கள். அவர்கள் சார்பில் பேசியது ஒரு அக்கா, நாற்பது வயதிருக்கும், எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பார். கடைசியாகச் சாலையில் நின்றுபோன ஒரு பஸ்ஸின் பயணிகள், டிரைவர் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டிரைவருக்குத் திசையன்விளை. மாடியில் இருந்த மூன்று பெரிய வகுப்பறைகளில் மூன்று கூட்டமும் தனித்தனியாக உட்கார்ந்தன. யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை விடிந்தபோது மழை விட்டிருந்தது. ஆற்றில் மட்டும் தண்ணீர் இறங்கவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் வாழைத் தோட்டம் இருந்த இடமெல்லாம் காவி நிறத்தில் தண்ணீர். குடிப்பதற்கு என்று இருந்தது பயிற்சிக்காக வாங்கி வைத்திருந்த இருபது லிட்டர் கேன்கள் பன்னிரண்டு. தலைமை ஆசிரியர் அறை மாடியில் இருந்ததால் அவை தப்பித்தன. மொட்டை மாடித் தொட்டியில் இருந்ததை முதல்நாளே எல்லாரும் சேர்ந்து காலி பண்ணியாயிற்று. எப்போது யார் வருவார்கள் என்று தெரியாது.

டீச்சர் மூன்று அறையிலிருந்தும் பேசுகிறவர்களை வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு, ஆளுக்கு இம்புட்டுன்னு ஊத்திக் குடுத்திரலாமா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி உடனே சொன்னார், "அது சரிப்படாது டீச்சரம்மா. எங்க பங்கத் தனியாப் பிரிச்சுத் தந்திருங்க."

ஏன் சரிப்படாது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். காலனி அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, உங்க பங்கு எவ்வளவு?"

"நாங்க நாப்பத்தெட்டுப் பேரு. இங்க இருக்குத கூட்டத்துல பாதி நாங்கதான். பாதித் தண்ணி எங்களுக்கு."

"எங்களுக்கு மூணுல ஒரு பங்கு வேணும்" என்றார் காலனி அக்கா. "முப்பத்திரண்டு பேரு இருக்கோம். கைப்பிள்ளையே அஞ்சு."

டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "வண்டியில வந்தவங்க இருபத்திநாலு பேரு. கால்வாசி இருந்தாச் சமாளிச்சிருவோம்."

மூன்றும் நியாயமான பேச்சாகத்தான் பட்டது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அதற்குள் அண்ணாச்சியின் தம்பி உள்ளே போய் இரண்டு கேனைத் தூக்கிவிட்டார். காலனி ஆட்கள் இரண்டு பேர் வாசலை மறித்து நின்றார்கள். நான் பின்னால் நகர்ந்தேன், உள்ளதைச் சொல்கிறேன்.

"பைய, பைய. கேனக் கீழ வைங்க" என்றார் டீச்சர். அதே பள்ளிக்கூடக் குரல்தான். தம்பி வைத்துவிட்டார்.

டீச்சர் வராண்டாவை ஒட்டியிருந்த வகுப்பறையின் கரும்பலகைக்குப் போனார். அரை, மூன்றில் ஒன்று, கால் என்று மூன்று பின்னத்தையும் எழுதினார். "இது மூணும் மூணு அளவு. இத அப்படியே வச்சுக்கிட்டு யாரு சொல்லுதது சரின்னு யாராலயும் சொல்ல முடியாது. பன்னெண்டுக்குக் கொண்டு போவோம்" என்றார். கீழே எழுதினார். அரை, பன்னிரண்டில் ஆறு. மூன்றில் ஒன்று, பன்னிரண்டில் நாலு. கால், பன்னிரண்டில் மூன்று.

"கூட்டுங்க அண்ணாச்சி."

அண்ணாச்சி வாழைத்தாரை மனசிலேயே பெருக்குகிறவர். உடனே சொன்னார். "பதிமூணு." சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"கேன் எத்தனை?"

"பன்னெண்டு."

"யாரும் பொய் சொல்லல. ஆளாளுக்கு ஒரு இணுக்குக் கூட்டிச் சொல்லிட்டிய. நூறு பேருன்னு நினைச்சுக்கிட்டுச் சொன்னிய, இருக்குதது நூத்தி நாலு. மூணு பேரும் தனித்தனியாச் சொல்லும்போது அது தெரியல. ஒரு கேன் இடிக்கி. அத யாரு விடுவா?"

பிறகு டிரைவர், "எங்க மூணுல ஒண்ண எடுத்துக்கிடுங்க டீச்சர். நாங்க வெளியூர்க்காரங்க" என்றார்.

"அது சரியில்ல தம்பி. உங்களுக்கு ஒண்ணு போனா மூணுல ஒரு பங்கு போவுது. அண்ணாச்சிக்கு ஒண்ணு போனா ஆறுல ஒரு பங்குதான் போவுது. ஒரே கேன்தான், ஆனா ஒரே தாகம் இல்ல."

அண்ணாச்சியின் முகம் இறுகியது. "அப்ப எங்க ஆறுல ஒண்ண எடுக்கணும்னு சொல்லுதிய."

"அதுவும் சொல்லல. யாரு கேனும் போவ வேண்டாம். பன்னெண்டப் பதிமூணா ஆக்குவோம்."

மூலையில் ஒரு காலிக் கேன் கிடந்தது. சமையல் அக்காவை விட்டு அதைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னார். என்னிடம் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றும் அரை லிட்டர் பாட்டில் ஒன்றும் தந்தார். ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒன்றரை லிட்டர் எடுத்துக் காலிக் கேனில் ஊற்ற வேண்டும். பன்னிரண்டு கேனுக்கும் பதினெட்டு லிட்டர் ஆயிற்று. சிந்திவிடக் கூடாது என்று முப்பது நாற்பது பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாவது கேன் வரும்போது எண்ணிக்கை தப்பிவிட்டதோ என்று நான் நிமிர்ந்தேன். காலனி அக்கா, "பத்து" என்றார். நான் தொடர்ந்து ஊற்றினேன்.

இப்போது பதிமூன்று கேன்கள் இருந்தன. பன்னிரண்டில் பதினெட்டரை லிட்டர், ஒன்றில் பதினெட்டு. தெருவுக்கு ஆறு, காலனிக்கு நாலு, பஸ்ஸுக்கு மூன்று. கேட்ட எண்ணிக்கை கேட்டவர்களுக்குக் கிடைத்தது. எந்தக் கேனும் நிறைந்திருக்கவில்லை.

"எல்லாம் குறையாத்தானே இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒண்ணுபோலக் குறையுது. வகுத்துப் பாருங்க, எந்த அறையில பாத்தாலும் எட்டுப் பேருக்கு ஒரு கேன்."

அரை லிட்டர் குறைந்த கேனை டிரைவர் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். டீச்சர் அதைத் தடுக்கவில்லை. அண்ணாச்சியின் தம்பி ஆறு கேனையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார். வாசலை மறித்தவர்கள் விலகி, அதில் ஒருவர் ஒரு கேனுக்குக் கைகொடுத்தார். அண்ணாச்சியின் தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் நானும் டீச்சரும் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் வந்திருந்தது. படகு ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கத்தான் ஏறினோம். நான் அவரைப் பாராட்டி ஏதோ சொன்னேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"அய்யா, தனித்தனியாப் பங்கு போட்டது எனக்குப் பிடிக்கல. அவங்க ஒண்ணா உக்கார மாட்டேன்னதாலதான் பின்னத்துக்குப் போனேன். இதே கணக்க ஒருதடவ எங்க வீட்டுல போட்டிருக்கேன்" என்றார்.

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய அப்பா இறந்த பிறகு அம்மா யாரோடு இருப்பது என்று பேச்சு வந்தது. பாளையங்கோட்டையிலேயே இருந்த அண்ணன், வருடத்தில் பாதி நாள் நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். திசையன்விளையில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை, எனக்குக் கால்வாசிதான் முடியும் என்றாள். டீச்சர் மீதிக் கால்வாசியை எடுத்துக்கொண்டார். ஆறு மாதம், மூன்று மாதம், மூன்று மாதம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. காலண்டரில் மூன்று நிறத்தில் குறித்து மூன்று வீட்டுக்கும் ஒவ்வொன்று கொடுத்ததும் டீச்சர்தான்.

"ரெண்டு வருசம் ஒழுங்கா ஓடுச்சு. ஒருநாள் மாசக் கடைசி, அம்மாவக் கூட்டிட்டு வர அண்ணன் வீட்டுக்குப் போனேன். அம்மா சேல மாத்தி, பைய மடியில வச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கா. காலையில இருந்து அப்படியே உக்காந்திருக்காளாம். நான் போனதும் காலண்டரக் காட்டிக் கேட்டா, 'ஏ பிள்ள, பன்னெண்டு மாசமும் சரியாத்தான் வருது. இதுல நான் எங்கன இருக்கேன்?'"

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்குல தப்பே இல்ல அய்யா. எத வகுக்கோம்னு நான் பாக்கல. மறுநாள்ல இருந்து அம்மா எங்கிட்டயேதான் இருந்தா, கண்ண மூடுத வரைக்கும். அதுல அண்ணனுக்குக் கோவம். என்னைய நம்பலியா, ஊருக்கு முன்னால என்னைய மகன் இல்லன்னு ஆக்கிட்டாளேன்னு. இப்பவும் எங்கூடப் பேசுததில்ல. கிறிஸ்துமஸுக்குப் போயி பலகாரத்த வச்சுட்டு வந்திருவேன். மதினி வாங்கிக்கிடுவா. அண்ணன் உள்ள இருக்குதது தெரியும்."

"நீங்க வேற எப்படிச் செஞ்சிருக்க முடியும் டீச்சர்?"

"மொதல்ல அம்மாட்ட கேட்டிருக்கலாம்ல" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் மூன்று அறைக்கும் போய் வந்தார். தெருக்காரர்களிடம் அரிசி இருந்தது, அடுப்பு இல்லை. பஸ்ஸில் வந்த ஒரு பெரியவர் மகளுக்குக் கொண்டுபோன புது ஸ்டவ் வைத்திருந்தார். காலனிக்காரர்கள் முதல்நாள் மிதந்து வந்த வாழைத்தார் மூன்றை இழுத்துப் போட்டிருந்தார்கள். டீச்சர் யாரிடமும் பங்கு பற்றி வாய் திறக்கவில்லை. "கஞ்சி ஒரு இடத்துல காச்சுவோம். ஸ்டவ் ஒண்ணுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி முதலில் எழுந்திருக்கவில்லை. அவருடைய மனைவி எழுந்து அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு டீச்சர் பின்னால் வந்துவிட்டார். தண்ணீர் மூன்று அறைக் கேனிலிருந்தும் வந்தது. சமையல் அக்கா ஒரே அண்டாவில் காய்ச்சினார். அண்ணாச்சி உட்பட எல்லாரும் அதைத்தான் குடித்தார்கள். பசிதான் காரணம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். இருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில் படகு வந்தது. கடற்கரை ஊரிலிருந்து மீன்பிடிப் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, தண்ணீர் தொடங்குகிற இடத்தில் இறக்கி ஓட்டி வந்திருந்தார்கள். முதல் படகில் பனியனும் கைலியுமாக நின்ற ஒருவர், மாடி ஜன்னலுக்குக் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது.

"எத்தனை கூட்டமா இருக்கிய? எந்தத் தெரு ஆளுக மொதல்ல ஏறுதிய?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் பதில் சொன்னார்.

"ஒரே கூட்டந்தான். மொத்தம் நூத்தி நாலு பேரு. பிள்ளத்தாச்சி ஒருத்தி இருக்கா, எட்டு மாசம். அவள மொதல்ல ஏத்துங்க. பொறவு கைப்பிள்ளைக்காரிக."

படகுக்காரர் எழுதினார். அப்போது பின்னாலிருந்து காலனி அக்காவின் குரல் கேட்டது.

"நூத்தி நாலு இல்ல. நூத்தி எட்டு."

டீச்சர் திரும்பினார். "எப்படி? நாப்பத்தெட்டு, முப்பத்திரண்டு, இருபத்திநாலு."

"நீங்க, தமிழய்யா, சமையல் அக்கா, காவக்காரரு. உங்க நாலு பேரை எந்த அறையிலயும் சேக்கலியே டீச்சர்."

உண்மைதான். இரண்டு நாளும் நாங்கள் நாலு பேரும் எந்தப் பங்கிலும் இல்லை. மூன்று அறைக்காரர்களும் மாறி மாறி எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தந்துகொண்டிருந்தார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. டீச்சரும் யோசிக்கவில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

படகுக்காரர் நோட்டோடு காத்துக்கொண்டு நின்றார். "சரியாச் சொல்லுங்கம்மா. நூத்தி நாலா, நூத்தி எட்டா?"

அண்ணாச்சி ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"அந்த அக்கா சொல்லுததுதான் சரி. நூத்தி எட்டுன்னு எழுதும் வே" என்றார்.